இடது பின்சக்கரத்து போல்ட்டு

என் முன்னாள் கணவனின் வண்டிக்கு அடியில், அவனுடைய இரண்டாம் மனைவி விரித்துக் கொடுத்த பழைய கம்பளத்தில் மல்லாந்து படுத்து, அவன் முடுக்கிய ஒரு நட்டோடு நான் மல்லுக்கட்டுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், காய்ச்சலா என்று அவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். ஆனால் உலகத்தின் தென்கோடியில், ஜூலையில் குளிரடிக்கும் ரிவர்டன் கடற்கரை ஊரில், நைரீயின் கராஜில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நைரீயைச் சக்களத்தி என்று சொல்ல முடியாது. நான் நெவிலை உதறிவிட்டு வந்து சில வருஷங்கள் கழித்துத்தான் அவள் அவன் வீட்டுக்கு வந்தாள். சின்ன ஊர், ஒரே மளிகைக்கடை. ரொட்டி அடுக்குக்கு முன்னால் நேருக்கு நேர் வந்துவிட்டால் இருவரும் தலையசைப்போம், மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவோம், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் உறவு அவ்வளவுதான்.

நெவில் மார்ச் மாதம் இறந்துபோனான். இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவன் நைரீயிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அந்தப் பழைய ஜப்பான் வேகன் எங்கள் மகள் மெலனிக்குப் போய்ச் சேர வேண்டும். சும்மா இல்லை, ஓடுவதற்குத் தகுதியான வண்டி என்று பரிசோதனைக்காரன் ஒட்டும் சான்றோடு போய்ச் சேர வேண்டும். மெலனி குடியிருக்கும் டனீடினுக்கு நைரீ போன் செய்து சொன்னாள். மெலனி மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாளாம்:

"அப்பா மாட்டுன நட்டை நம்பி என் குழந்தைய ஏத்த மாட்டேன் நைரீ. தப்பா எடுத்துக்காதீங்க."

இதைப் போனில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது அழகில்லை என்று, சனிக்கிழமை நேரிலேயே வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதாகவும் சொல்லியிருக்கிறாள். என் மகள் அப்படித்தான். இல்லை என்பதைக்கூட ஒழுங்காகச் செய்வாள்.

நைரீக்கு ஒரு நப்பாசை. வண்டி சான்றோடு, சுத்தமாக, குறை சொல்ல இடமில்லாமல் நின்றால் மெலனியின் மனம் மாறும் என்று நினைத்தாள். பரிசோதனைக்குக் கொண்டுபோனாள். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகுகின்றன, மாற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் அந்த மாதிரி வேலைக்கு யாரும் கடைக்குப் போவதில்லை. வீட்டில் செய்வார்கள், அல்லது செய்யத் தெரிந்தவர் வீட்டுக்குப் போவார்கள். அவளுக்குச் செய்யத் தெரிந்தவன் செத்துப்போயிருந்தான். ஒரு தட்டு நிறைய சீஸ் ரோல் சுட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். என் வண்டிக்கு நானேதான் எல்லாம் பார்த்துக்கொள்வேன். சரி வருகிறேன் என்றேன். நல்ல மனதோடு போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். நெவிலின் வேலையை ஒருமுறை அடியிலிருந்து பார்த்து, பார், இன்னும் அப்படியேதான் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் என்னை அந்தக் கம்பளத்தில் படுக்க வைத்தது.

மெலனி ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது நெவில் எங்கள் காருக்கு ஷாக் அப்சார்பர் மாற்றினான், இதே மாதிரி வீட்டு வாசலில். வேலை முடியும் தறுவாயில் ரேடியோவில் ரக்பி ஆரம்பித்துவிட்டது. கையால் திருகி வைத்த ஒரு நட்டை ஸ்பானர் போட்டு முடுக்காமல் உள்ளே போய்விட்டான். மறுநாள் மெலனியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஓரெபுகி வளைவில் அந்த போல்ட்டு கழன்று விழுந்தது. வண்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. நெவிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகவே வளர்ந்தது. இன்றைக்கும் அவள் நடக்கும்போது இடது தோள் லேசாகத் தாழ்ந்து எழும்.

நெவில் மன்னிப்புக் கேட்கவில்லை. தானாகக் கழன்றிருக்கும் என்றான். ஆஸ்பத்திரியில் சொன்னான், என் அம்மாவிடம் சொன்னான், போலீஸிடம் சொன்னான். குழந்தையின் கால் முறிந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த 'தானாக' என்ற வார்த்தையோடு என்னால் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. மெலனி வளர்ந்த பிறகு அவனைப் போய்ப் பார்ப்பாள், பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோவாள், கடைசிக் காலத்தில் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவன் வண்டியில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. அவனும் ஏறு என்று கூப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். வலது பக்கம் சமர்த்தாக வந்துவிட்டது. கொஞ்சம் முனகியது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, ஸ்பானரை வைத்து ஒரு உதை விட்டேன், நட்டு திரும்பியது, புது ஷாக் அப்சார்பரைப் புது நட்டோடு மாட்டிவிட்டேன். நான் நைரீயிடம் சனிக்கிழமைக்குள் என்ன, இன்றைக்குச் சாயந்திரமே முடித்துவிடலாம் என்று பெருமையடித்தேன்.

இடது பக்கம் போனதும் என் வாய் அடங்கியது. அதே வண்டி, அதே உப்புக் காற்று, அதே அளவு போல்ட்டு. ஆனால் இது அசையவே மறுத்தது. ஸ்பானரை மிதித்தேன். சுத்தியலால் தட்டினேன். எண்ணெய் தெளித்துவிட்டு ஊற விட்டேன். வெள்ளிக்கிழமை வந்து மறுபடி தெளித்து, மறுபடி ஊற விட்டேன். எங்கள் கரையில் எது கழலாவிட்டாலும் பழி கடலின் மேல்தான். கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி, மனிதர்களின் முட்டி எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ஒரே மருந்து. கடல் தின்றது, எண்ணெய் போடு. நானும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கோலின் வந்து சேர்ந்தார். எங்கள் தெருவில் ஒரு வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டால் போதும், ஆண்பிள்ளைகள் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி ஒவ்வொருவராக வந்து நின்றுவிடுவார்கள். கோலின் இறால் படகு ஓட்டியவர். ஒரு நீளக் குழாயோடு வந்தார். ஸ்பானர் பிடியில் குழாயைச் செருகினால் பிடி நீளும், பலம் கூடும். குழாய் எங்கே கிடைத்தது என்று நைரீ கேட்டாள். அவர் மனைவி துணி காயப்போடும் கம்பத்தின் பாதி அது. எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு வேலி முழுக்க ஈரச் சட்டைகள் தொங்கின.

"கடல் தின்ன போல்ட்டு, பொண்ணுங்களா," என்றார் கோலின். "இதுக்கெல்லாம் கொஞ்சம் எடை வேணும்."

எடைக்கு அவரிடம் பஞ்சமில்லை. குழாயின் முனையில் அவர் தொங்கினார், நான் தொங்கினேன், கடைசியில் நைரீயும் வந்து தொங்கினாள். வண்டி ஸ்டாண்டின் மேல் ஒருமுறை நெளிந்தது. எல்லோரையும் கையை எடுக்கச் சொல்லி விரட்டினேன். குழாய் வில்லாக வளைந்திருந்தது. நட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கோலின் இனி அறுப்பு மிஷின்தான் என்றார். அறுத்தால் நிமிஷத்தில் வேலை முடியும், வாஸ்தவம்தான். ஆனால் நட்டு உட்கார்ந்திருக்கும் மூலையில் மிஷின் நுழைய இடமில்லை. சுற்றியுள்ள இரும்பில் ஒரு வெட்டு விழுந்தாலும் பரிசோதனைக்காரன் சான்று தரமாட்டான். அதைவிட, அறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் நைரீயின் முகம் போன போக்கு எனக்குச் சரியாகப்படவில்லை. கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று சொல்லி கோலினைத் துணியை எடுத்து வைக்க அனுப்பினேன். மெலனி மத்தியானம் வந்துவிடுவாள். ஒரு சக்கரம் இல்லாமல் தூக்கி நிறுத்தின வண்டியைக் காட்டித்தான் இதை எடுத்துக்கொள் என்று கேட்க வேண்டியிருக்கும் போலிருந்தது.

டீ குடிக்க உட்கார்ந்தோம். நைரீ நேற்றைய சீஸ் ரோலைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பிளம் ஜாம் பாட்டிலையும் எடுத்துவந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, என் பெயரைச் சொல்லி, என்னிடம் நீட்டினாள்.

"இதத் திறந்து பாரேன் ரே. உன் கைக்கு வருதான்னு."

முயன்றேன். வரவில்லை. சட்டை முனையால் பிடித்துத் திருகினேன். அப்போதும் வரவில்லை. இதை யார் இப்படி மூடியது, ராட்சசனா என்றேன்.

"அவர்தான். பிப்ரவரியில. அவர் மூடுனது எதையும் நான் ஒத்த ஆளா திறந்ததே இல்ல. ஒவ்வொரு தடவையும் தெருவ தாண்டி கோலின்கிட்டதான் எடுத்துட்டு ஓடணும். குழாயை மூடுனா நான் ரெண்டு கையாலயும் திறக்கணும். அவர் எதை இறுக்குனாலும் அப்படித்தான்."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரையோ சொல்கிறாள் என்று தோன்றியது. என் வீட்டில் நெவில் மூடிய பாட்டிலை மூடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. மூடி கையோடு வரும், பாட்டில் தரையில் கிடக்கும். அப்படி எத்தனை ஊறுகாயைத் துடைத்திருக்கிறேன். குழாய் சொட்டும், வெளிக்கதவின் கொக்கி தொங்கும், மேஜைக் கால் ஆடும். எதையும் முக்கால் பங்கு செய்துவிட்டுப் போய்விடும் ஆள். இதையெல்லாம் சொன்னேன். நைரீ என்னை நம்பாமல் பார்த்தாள். ஒரே ஆணோடு வாழ்ந்த இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரியே இல்லை. பெயர் மட்டும் ஒன்றாக இருந்த இரண்டு ஆண்களைப் பற்றிப் பேசினோம்.

"எப்பத்திலேருந்து இப்படி?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்தே இப்படித்தான். ஞாயித்துக்கிழமையானா டார்ச்சை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போயிடுவார். எங்க அம்மா சாப்பிட வர்ற நாள் அது. அவங்ககிட்டேருந்து தப்பிக்கத்தான் போய்ப் படுத்துக்கிறார்னு நினைச்சேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் படுத்தார்."

எனக்குள் ஏதோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி அடியில் போனேன். இந்த முறை ஸ்பானரை எடுக்கவில்லை. கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளாக நட்டைச் சுற்றியிருந்த சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பொருட்படுத்தாமல் ஸ்பானரைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பொறுமையாகத் தேய்த்தேன். கறுப்பு உதிர்ந்தது. அதற்கடியில் சிவப்பு.

முதலில் துரு என்றுதான் நினைத்தேன். துரு இவ்வளவு அழகான சிவப்பாக இருக்காது. நட்டின் மேல் ஆரம்பித்து, பக்கத்து இரும்பு வரைக்கும் நேர்கோடாக ஒரு சிவப்புத் தீற்று. கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு, தடிப்பாக, பல தடவை பூசிப் பூசி ஏறின கனம். பேருந்துப் பணிமனையில் இதைப் பார்த்திருக்கிறேன். நட்டை முடுக்கி முடித்ததும் அதன் மேலும் இரும்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுவார்கள். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நைரீயைக் கூப்பிட்டேன். அவளும் தரையில் படுத்து உள்ளே நகர்ந்து வந்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தோம். டார்ச்சை அடித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலால் தொட்டாள்.

"இது என்னோட நகப்பூச்சு," என்றாள். "ஒவ்வொரு பாட்டிலா காணாமப் போகும். தங்கச்சி பொண்ணுங்கதான் எடுத்துட்டுப் போறாளுங்கன்னு அவளுங்கள திட்டியிருக்கேன்."

வலது பக்கம் போய்ப் பார்த்தோம். நான் கழற்றிப்போட்ட நட்டைத் துடைத்தால் அதிலும் கோடு இருந்தது, ஆனால் மெல்லிசாக, ஒரே பூச்சு. மற்றவற்றிலும் அப்படித்தான். இடது பின்சக்கரத்து போல்ட்டில் மட்டும்தான் அத்தனை அடுக்கு. நட்டின் விளிம்பில், மரைக்குள்ளிருந்து பிதுங்கி உறைந்த இன்னொரு சிவப்பும் தெரிந்தது. அது நகப்பூச்சு இல்லை. நட்டு ஒருபோதும் கழலக்கூடாது என்கிற இடத்தில் மரைக்குள் ஊற்றுகிற பசை. ஒரு சொட்டு போதும். இவன் பாட்டிலையே கவிழ்த்திருந்தான்.

நாங்கள் இரண்டு நாளாகத் துருவோடு சண்டை போட்டிருக்கிறோம். அங்கே துருவே இல்லை.

"இந்தப் பக்கம் மட்டும் எதுக்கு இவ்வளவு?" என்று நைரீ கேட்டாள். பிறகு, யோசித்துக்கொண்டே சொன்னாள்: "இந்தப் பக்கத்துப் பின் சீட்ல யாரையும் உக்கார விடமாட்டார் ரே. என் தம்பி ஏறப் போனாக்கூட அந்தப் பக்கம் போடான்னு சொல்வார். பெல்ட்டு சரியில்லன்னு சொல்வார். பெல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

அவளுக்கு விபத்து நடந்தது தெரியும். ஓரெபுகி வளைவு தெரியும். ஒன்று மட்டும் தெரியாது, அதை யாரும் அவளிடம் சொல்லத் தேவை வந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக் கிடந்தேன். கடைசியில் சொன்னேன்.

"மெல் அங்கதான் உக்காந்திருந்தா. அந்தக் கார்ல கழண்டு விழுந்ததும் இதே பக்கத்து போல்ட்டுதான். இதே இடம்."

நைரீ என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையிலும் எண்ணெய், வழுக்கியது, விடாமல் பிடித்தாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. முட்டாளே, இதை வாயால் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா, இரும்புக்கா பூசி வைப்பாய், யார் பார்ப்பார்கள் இங்கே என்று அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்குப் பிறகு அழுகை வந்தது. அவனுக்காக இத்தனை வருஷத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான். சாவுக்குக்கூட அழவில்லை.

பசை என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் சுலபம். அதற்குச் சூடு காட்ட வேண்டும். கோலினிடம் தீ கக்கும் கேஸ் டார்ச் இருந்தது. நட்டுக்குப் பக்கத்து ரப்பர் பாகம் எரியாமலிருக்க ஈரத் துணியை அதைச் சுற்றிக் கட்டினேன். நட்டை மட்டும் குறிபார்த்து நெருப்பைக் காட்டினேன். இரண்டு நாளாக ஊற்றி வைத்த எண்ணெயை மறந்தே போய்விட்டேன். குப்பென்று பற்றிக்கொண்டது. நைரீ யோசிக்கவே இல்லை, கையிலிருந்த டீயை அப்படியே ஊற்றினாள். அணைந்தது. பிறகு துடைத்து எடுத்துவிட்டு, பயந்து பயந்து, மறுபடி சூடு காட்டினோம். கொஞ்ச நேரத்தில் காரமான ஒரு நெடி வந்தது, பசை இளகுகிற வாசனை. ஸ்பானரை மாட்டினேன். குழாய் வேண்டியிருக்கவில்லை, யாரும் தொங்கவும் இல்லை. நெடுநேரம் வாய் திறக்காத ஆள் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம், நட்டு திரும்பியது.

போல்ட்டை உருவி எடுத்தபோது மரை முழுக்கச் சிவப்புப் பொருக்கு. இரும்பில் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

அதைத் துணியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மெலனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். குழந்தை ஐலாவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, எதைப் பார்த்தாலும் சிரிப்பு. என்னை அந்த கராஜில், அந்தக் கோலத்தில் பார்த்ததும் மெலனிக்குத் தான் பேச வந்தது மறந்துவிட்டது.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

"உங்கப்பன் போட்ட நட்டை கழட்டிட்டிருக்கேன்."

"அதுக்கு கஷ்டப்படவே வேணாமே. தானா கழண்டுடும்," என்றாள்.

சொல்லிவிட்டு அவளே முகம் சிவந்து, நைரீயிடம் மன்னிப்புக் கேட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தாள். நைரீ இத்தனை சிரமப்பட்டதற்கு நன்றி, அப்பா நினைத்துக்கொண்டதும் சந்தோஷம், ஆனால் அந்த வண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவதை நினைத்தாலே தனக்குக் கால் கூசுகிறது, அதனால் அதை விற்றுவிடுங்கள் என்றாள். நைரீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பேசும்படி என்னைப் பார்த்தாள்.

என் மகளிடம் அவள் அப்பாவுக்காக வாதாடி எனக்குப் பழக்கமே இல்லை. ஐலாவை வாங்கிக்கொண்டு டார்ச் லைட்டை அவளிடம் கொடுத்தேன். போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். நல்ல கோட்டுப் போட்டிருக்கேன்மா என்றாள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போடி என்றேன்.

கம்பளத்தில் படுத்து உள்ளே போனாள். அவள் பூட்ஸ் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்றின் அடி மற்றதைவிடத் தடிமனாக. நைரீ வண்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். நகப்பூச்சு, ஞாயிற்றுக்கிழமை, பெல்ட்டு என்ற பொய், எல்லாவற்றையும் சொன்னாள். மிகைப்படுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினாள். அடியில் டார்ச் வெளிச்சம் இரும்பில் மிச்சமிருந்த சிவப்புக் கோட்டிலேயே நின்றது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் மெலனி, உள்ளிருந்தே.

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நைரீதான் பதில் சொன்னாள்.

"சொல்லத் தெரியலம்மா அவருக்கு. என்கிட்டயும் சொன்னதில்ல. கடைசியில ஆஸ்பத்திரியில மருந்து மயக்கத்துல ராத்திரி பகலா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டே இருந்தார். 'நான் அதை முடுக்கல, நைரீ, நான் அதை முடுக்கல'ன்னு. நான் ஏதோ வீட்டுக் குழாயச் சொல்றார்னு நினைச்சேன். முடுக்கியாச்சு, முடுக்கியாச்சு, தூங்குங்கன்னு சொன்னேன்."

மெலனியின் பூட்ஸ் இரண்டும் அசைந்தன. அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சத்தமில்லாத அழுகை. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப்போட்டிருந்தபோதும் அப்படித்தான் அழுதாள். அப்போது நான் என்ன செய்ய முடிந்ததோ அதையேதான் இப்போதும் செய்தேன், பக்கத்தில் நின்றேன்.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்தாள். கன்னத்தில் கிரீஸ் ஏறியது. வேண்டாம் என்றோ சரி என்றோ சொல்லவில்லை. புது ஷாக் அப்சார்பர் எங்கே என்று கேட்டாள். அவள் கீழே பிடித்துக்கொள்ள நான் போல்ட்டைச் செருகினேன். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரைக்கு இறக்கி, அதன் பாரம் முழுக்க இறங்கிய பிறகு கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். அதை நான் செய்கிறேன் என்றாள். செய்தாள். போதும் என்று நான் சொன்ன பிறகும் ஒரு கால் சுற்றுச் சுற்றப் பார்த்தாள், மரை போய்விடும் என்று கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.

நைரீ கைகழுவ வெந்நீர் கொண்டுவந்தாள். மெலனி கழுவிக்கொண்டு, என்னிடமிருந்து ஐலாவை வாங்கிக்கொண்டாள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். நைரீ ஓடிப்போய் வலது பக்கத்துப் பின்கதவைத் திறந்து பிடித்தாள். அந்தப் பக்கம் யாரையும் ஏற்றிவிட்டே அவளுக்குப் பழக்கம். மெலனி அந்தக் கதவைத் தாண்டி நடந்து இடது பக்கம் போனாள். கைப்பிடியில் கையை வைத்துச் சற்று நின்றாள். பிறகு திறந்து ஏறி உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"எங்கயும் போக வேணாம்," என்றாள் கண்ணாடியை இறக்கி. "திங்கக்கிழமை சான்று வாங்கிட்டுச் சொல்லுங்க நைரீ. வந்து எடுத்துக்கறேன். இப்ப கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

நைரீ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். நான் திறந்திருந்த வலது கதவு வழியாக ஏறி என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே நெவிலின் வாசனை இன்னும் மிச்சமிருந்தது. மெலனி முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே, குழந்தையோடு சேர்ந்து, மெதுவாக ஒரு குதி குதித்தாள். வண்டி அவளோடு கீழே போய், ஒரே தடவை மேலே வந்து, நல்ல ஷாக் அப்சார்பர் தாங்குகிற விதத்தில் ஆடாமல் நின்றது. ஐலா அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, இன்னொரு தடவை என்று கையை ஆட்டினாள். மெலனி மறுபடி குதித்தாள்.